முதல் தடவையா லேப்ல தவளை சர்வேக்கு கூட்டிட்டு போறாங்க, நான் என்னென்ன தெரிஞ்சுக்கணும்?

பிஎச்டி முதல் வருஷம், இதுவரைக்கும் டிஎன்ஏ சீக்வென்ஸ கம்ப்யூட்டர்ல பார்த்ததோட சரி, ஒரு தவளையக்கூட கையில பிடிச்சதில்ல, இந்த வீக்கெண்டு லேப்ல எல்லாரும் ஃபீல்டுக்கு போறாங்க, என்ன எடுத்துட்டு போகணும், அங்க போய் நான் என்ன செய்யப் போறேன், மத்தவங்களுக்கு பாரமா ஆயிடுவேனோன்னு பயமா இருக்குன்னு கேட்டிருக்கீங்க. நான் ஸ்டூடண்டா இருந்தப்போ ஆரம்பிச்ச வேலை இது, இப்போ ஸ்டூடண்ட்ஸ கூட்டிட்டுப் போற இடத்துல இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல அந்த பயத்துக்கு பதில். தவளைய பிடிக்கிறது இந்த வேலையில ஒரு சின்ன பகுதி. ராத்திரி முழுக்க நடக்குற வேலையில பெரும்பகுதி எழுதுறது. எங்க தேடினோம், எத்தனை பேர் தேடினோம், எவ்வளவு நேரம் தேடினோம், அப்போ காத்து எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், மழை எப்போ நின்னுச்சு, இதெல்லாம் பேப்பர்ல இல்லன்னா நீங்க பிடிச்ச நாப்பது தவளையும் வெறும் நாப்பது போட்டோதான். அதைவிட முக்கியமா, தேடி ஒண்ணுமே கிடைக்கலன்னா அந்த ஜீரோவையும் எழுதணும். புதுசா வர்றவங்க எல்லாரும் கிட்டத்தட்ட இதுலதான் தப்பு பண்றாங்க, கிடைச்சா எழுதுறாங்க, கிடைக்கலன்னா அடுத்த குட்டைக்கு நடந்து போயிடுறாங்க. நான் ஸ்டூடண்டா இருந்தப்போ ஒரு சீசன் முழுக்க அப்படித்தான் பண்ணினேன், அப்புறம் அனாலிசிஸ் பண்ண உக்காரும்போது நான் போகாத குட்டை எது, போயும் தவளை இல்லாத குட்டை எதுன்னு பிரிக்க வழியே இல்லாம அந்த வருஷ டேட்டாவுல பாதிய ஒதுக்கி வைக்க வேண்டியதா போச்சு.

ஜீரோ ஏன் இவ்வளவு முக்கியம்னா, தவளை அங்க இருந்தாலும் நம்ம கண்ணுல படாம போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு இனம் ஒரு குட்டையில நிச்சயமா இருக்கு, ஒரு தடவை போனா அதை பார்க்குறதுக்கு 30 சதவீதம்தான் சான்ஸ்னு வச்சுக்கோங்க. மூணு ராத்திரி போயும் ஒரு தடவைகூட பார்க்காம இருக்குறதுக்கு 0.7ஐ மூணு தடவை பெருக்கணும், 0.34 வரும். அதாவது மூணுல ஒரு பங்குக்கு மேல வாய்ப்பு, தவளை அங்கயே இருந்தும் நீங்க 'இல்ல'ன்னு எழுதிடுவீங்க. அந்த வாய்ப்ப 5 சதவீதத்துக்கு கீழ கொண்டு வரணும்னா ஒன்பது தடவை போகணும். இதை சரி பண்றதுக்குத்தான் 2002-ல மெக்கென்சின்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட வேலை பார்த்தவங்களும் ஆக்குபன்சி மாடல்னு ஒரு முறைய கொண்டு வந்தாங்க, ஒரே இடத்துக்கு திரும்பத் திரும்ப போய் பார்த்தேன், பார்க்கல, பார்க்கல, பார்த்தேன்னு எழுதி வச்சா, அந்த 1, 0 வரிசையில இருந்தே கண்டுபிடிக்கிற வாய்ப்பு எவ்வளவு, உண்மையில எத்தனை இடத்துல அந்த இனம் இருக்குன்னு ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு எடுக்க முடியும். நீங்க டேட்டா பக்கத்துல இருந்து வர்றவங்க, இது உங்களுக்கு மத்தவங்களவிட சீக்கிரமே பிடிபடும்.

மண்ணுக்கடியில இருக்குற இனங்கள நினைச்சா இது இன்னும் நல்லா புரியும். மேற்குத்தொடர்ச்சி மலையில இருக்குற ஊதா நிறத் தவளைக்கு, நாசிகாபெட்ராகஸ் சஹ்யாட்ரென்சிஸ்னு, அறிவியல்ல பேர் வச்சதே 2003-லதான். அந்த மலைக்கு ஆராய்ச்சியாளர்கள் போகாம இல்ல, நூறு வருஷத்துக்கு மேல போயிட்டுத்தான் இருக்காங்க. ஆனா அது வருஷத்துல பெரும்பாலான நாள் மண்ணுக்குள்ளயே இருக்கும், மழைக்காலம் தொடங்குற சமயத்துல இனப்பெருக்கத்துக்காக கொஞ்ச நாள் மட்டும் வெளிய வரும், ஆண் தவளை மண்ணுக்கு அடியில இருந்தே கத்தும். அந்த நாள்ல நீங்க அங்க இல்லன்னா, உங்களுக்கு அப்படி ஒரு தவளையே கிடையாது.

சரி, இப்போ ஃபீல்டுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை கிளம்புறதுக்கு முன்னாடி லேப்லயே பண்ண வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு, அதுதான் சுத்தம். பூட்ஸ், வலை, பக்கெட், நீளம் அளக்குற கேலிப்பர், தண்ணில படுற எல்லாத்தையும் கழுவி, கிருமிநாசினி போட்டு, முழுசா காய வச்சு எடுத்துட்டுப் போகணும். இது கண்துடைப்பு சம்பிரதாயம் இல்ல. கைட்ரிட்னு ஒரு பூஞ்சை இருக்கு, 1998-ல தவளைகள கொல்றது இதுதான்னு கண்டுபிடிச்சாங்க, 1999-ல பேட்ரகோகைட்ரியம் டென்ட்ரோபேட்டிடிஸ்னு பேர் வச்சாங்க. அதோட வித்து தண்ணில நீந்திப் போய் தவளையோட தோல்ல கெரட்டின்ன்ற புரதம் இருக்குற பகுதில ஒட்டி வளரும். நமக்கு தோல் ஒரு உறை மாதிரி, தவளைக்கு அப்படி இல்ல, அது மூச்சு விடுறதுல ஒரு பங்கு தோல் வழியா, தண்ணி குடிக்கிறதும் தோல் வழியா, உடம்புல சோடியம் பொட்டாசியம் அளவ சரியா வச்சுக்கிறதும் தோல் வழியாத்தான். அந்தத் தோல் கெட்டுப்போனா ரத்தத்துல உப்பு அளவு இறங்கி கடைசில இதயம் நின்னு செத்துப்போகும். 2019-ல வந்த ஒரு ஆய்வுல இந்த நோயால குறைஞ்சு போன இனங்கள் 501னு கணக்கு சொன்னாங்க, அதுல 90 இனம் அழிஞ்சிருக்கலாம்னு கருதப்படுது. பல்லி மாதிரி வாலோட இருக்குற இருவாழ்வியான சாலமாண்டர்கள தாக்குற, இதோட சொந்தக்கார பூஞ்சை ஒண்ணு 2013-ல தெரிய வந்துச்சு. இதை ஒரு குட்டையில இருந்து இன்னொரு குட்டைக்கு கொண்டு போறதுக்கு ஈர பூட்ஸ் போதும். தவளைய காப்பாத்தணும்னு போற நாமளே அதை பரப்புறவங்களா ஆயிடக்கூடாது, இந்த ஒரு விஷயத்துல நான் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட கொஞ்சம் கடுமையாவே நடந்துக்குவேன்.

சுத்தம் பண்றதுல ஒரு வரிசை இருக்கு, நிறைய பேர் மாத்தி பண்றாங்க. முதல்ல பிரஷ் போட்டு சேறு, இலை, பாசி எல்லாத்தையும் தேய்ச்சு எடுக்கணும், அப்புறம்தான் ப்ளீச்சோ வேற கிருமிநாசினியோ. சேறு ஒட்டியிருக்கும்போதே ப்ளீச் ஊத்தினா அந்த மண்ணுல இருக்குற கரிமப்பொருளோட சேர்ந்தே ப்ளீச்சோட வீரியம் போயிடும், பூட்ஸ் அடில இருக்குற பள்ளத்துல பூஞ்சை பத்திரமா இருக்கும். கரைசல் எவ்வளவு செறிவு, எத்தனை நிமிஷம் ஊறணும்னு உங்க லேப்ல ஒரு புரோட்டோகால் இருக்கும், அதை அப்படியே ஃபாலோ பண்ணுங்க. ப்ளீச் போட்டதுக்கு அப்புறம் சுத்தமான தண்ணில அலசிட்டு காய விடணும், அலசின தண்ணிய குட்டை ஓரத்துல கொட்டக்கூடாது. கைட்ரிட்டுக்கு ஈரம் காயுறதுதான் எமன், நல்லா வெயில்ல உலர்ந்துட்டா பிழைக்காது, அதனால முடிஞ்சா ஆளுக்கு ரெண்டு ஜோடி பூட்ஸ் எடுத்துட்டுப் போய் சனிக்கிழமைக்கு ஒண்ணு ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணுன்னு வச்சுக்கோங்க.

பையில என்ன இருக்கணும்னு கேட்டீங்க. ஹெட்லைட் ஒண்ணு, அதுக்கு மாத்து பேட்டரி, கையில பிடிக்கிற டார்ச் இன்னொண்ணு. பேனா வேண்டாம், பென்சில் ரெண்டு மூணு, நனைஞ்ச பேப்பர்ல பென்சில் நிக்கும், பேனா மை கரைஞ்சு ஓடிடும். போன்ல டேட்டா ஏத்துற ஆப் இருந்தாலும் பேப்பர் ஷீட்டும் வேணும்னு நான் சொல்லுவேன், ஈரக்கைல டச் ஸ்கிரீன் படுத்துற பாடு ஒரு மழை ராத்திரி போதும் தெரிஞ்சுக்க. முழுக்கை சட்டை, முழு பேண்ட், முட்டி வரைக்கும் வர்ற பூட்ஸ், தவளை இருக்குற இடத்துக்கு தவளைய சாப்பிட பாம்பும் வரும், கை வைக்கிற இடத்த எல்லாம் முதல்ல லைட் அடிச்சுப் பார்த்துட்டு வைங்க. கொசு மருந்து, சன்ஸ்கிரீன், மாய்ஸ்சரைசர் எதுவும் உள்ளங்கையில இருக்கக்கூடாது, நம்ம கைல இருக்குறது நேரா அதோட உடம்புக்குள்ள போகும். கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்களா இருந்தா அன்னைக்கு கண்ணாடி போட்டுக்கோங்க, தேரைய தொட்டுட்டு கண்ண கசக்கினா எரிச்சல் தாங்காது, அது கண்ணுக்கு பின்னாடி இருக்குற ரெண்டு வீங்கின சுரப்பில இருந்து பால் மாதிரி ஒரு விஷம் விடும்.

பர்மிட் காகிதத்தோட காப்பி வண்டியில இருக்கான்னு கைடுகிட்டயோ சீனியர்கிட்டயோ ஒரு தடவை கேளுங்க. அதுல எந்த இனம், எந்த இடம், தொடலாமா, ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால தோல்ல தேய்ச்சு எடுக்குற சாம்பிள்) எடுக்கலாமா, டிஷ்யூ எடுக்கலாமான்னு தனித்தனியா இருக்கும், படிச்சுட்டு போங்க.

ராத்திரி வேலை பொழுது சாஞ்சு அரை மணி நேரம் கழிச்சு ஆரம்பிக்கும். குட்டைக்கு போனதும் உடனே லைட் அடிச்சுட்டு உள்ள இறங்காதீங்க. எல்லா லைட்டையும் அணைச்சுட்டு சும்மா நில்லுங்க. நாம நடந்து வந்த சத்தத்துல எல்லாம் வாய மூடியிருக்கும், ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் ஒண்ணும் இருக்காது, அப்புறம் எங்கயோ ஒண்ணு தயங்கித் தயங்கி ஒரு சத்தம் கொடுக்கும், அதுக்கு பக்கத்துல இருந்து இன்னொண்ணு பதில் கொடுக்கும், திடீர்னு மொத்த குட்டையும் ஆரம்பிச்சிடும். எத்தனை வருஷம் போனாலும் அந்த ரெண்டாவது நிமிஷத்துக்காகவே எனக்கு திரும்ப போகணும்னு தோணும். அப்படி நின்னு அஞ்சு நிமிஷம் கேட்டு எழுதுறதே ஒரு சர்வே முறை. ஒவ்வொரு இனத்துக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் ஒரு நம்பர் போடுவாங்க, ஒண்ணும் இல்லன்னா 0, ஒவ்வொண்ணா எண்ண முடிஞ்சு சத்தத்துக்கு நடுவுல இடைவெளி இருந்தா 1, ஒண்ணு மேல ஒண்ணு விழுது ஆனா இன்னும் பிரிச்சு கேட்க முடியுதுன்னா 2, பிரிக்கவே முடியாத அளவுக்கு கச்சேரியா இருந்தா 3. கத்துறது அநேகமா எல்லாமே ஆண்தான், அதனால காதுல கேட்டத வச்சு அங்க இருக்குற மொத்த எண்ணிக்கைய சொல்லிட முடியாது, அதை மனசுல வச்சுக்கோங்க.

ரெக்கார்டர்ல குரல் பதிவு பண்ணுவீங்கன்னா அந்த நேரத்து வெப்பநிலைய கண்டிப்பா எழுதணும், முடிஞ்சா தவளை உக்கார்ந்திருக்குற இடத்துக்கு பக்கத்துலயே தெர்மாமீட்டர் வச்சு. தவளைக்கு உடம்பு சூடு வெளிச் சூட்டப் பொறுத்தது, சூடு கூடினா தசை வேகமா வேலை செய்யும், ஒரே தவளை ஒரே கூப்பாட்ட வேகமா போடும். வெப்பநிலை இல்லாம ரெண்டு ஊர் குரல ஒப்பிட்டு இது வேற இனம்னு யாராவது சொன்னா அதை அப்படியே ஏத்துக்க முடியாது.

அப்புறம்தான் தேடுறது. லைட்ட நெத்தியிலயோ கண்ணுக்கு பக்கத்துலயோ வச்சு அடிச்சா தவளையோட கண்ணு திரும்ப மினுக்கும், அந்த மினுக்கல பிடிச்சுட்டு போகலாம். சிலந்தியோட கண்ணும் மினுக்கும், முதல் ராத்திரி நீங்க பாதி நேரம் சிலந்திக்கு பின்னாடிதான் போவீங்க, அது எல்லாருக்கும் நடக்குறதுதான், போகப் போக வித்தியாசம் கண்ணுக்கே தெரிஞ்சிடும். ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு, ஒருத்தர் தேடணும், ஒருத்தர் எழுதணும். தேடுறவர் சொல்றத எழுதுறவர் சத்தமா திருப்பிச் சொல்லணும், எஸ்விஎல்னா தவளையோட உடம்பு நீளம். 'எஸ்விஎல் முப்பத்தி ஒண்ணு புள்ளி நாலு', 'முப்பத்தி ஒண்ணு புள்ளி நாலு'. மழை சத்தத்துல நாலும் ஏழும் ஒரே மாதிரி கேட்கும், இப்படி திருப்பிச் சொல்லாம விட்ட ஒரு ராத்திரில நாங்க எழுதின அளவுகள்ல எது சரின்னு கண்டுபிடிக்க முடியாம போச்சு.

நேரத்த எண்ணுறதும் முக்கியம். ரெண்டு பேர் முப்பது நிமிஷம் தேடினா அது ஒரு ஆள்-மணி நேரம். தவளைய பிடிச்சு அளக்குற நேரத்த தேடின நேரத்துல சேர்க்கக்கூடாது, ஸ்டாப்வாட்ச நிறுத்திட்டு அளந்துட்டு மறுபடி ஓட விடணும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா தவளை நிறைய இருக்குற குட்டையில அளக்குறதுக்கே முக்கால்வாசி நேரம் போயிடும், அதை கழிக்கலன்னா நிறைய இருக்குற இடம் கம்மியா இருக்குற மாதிரியும், கம்மியா இருக்குற இடம் ஓரளவு இருக்குற மாதிரியும் கணக்கு வந்து நிக்கும்.

பிடிக்கிறதப் பத்தி. ஒவ்வொரு தவளைக்கும் புது கிளவுஸ், நைட்ரைல், பவுடர் இல்லாதது, தண்ணில ஒரு தடவை நனைச்சுட்டு. ஒரு தவளைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ள கொஞ்சம் காத்து, கொஞ்சம் ஈரம், ஒரே கவர்ல ரெண்டு போடக்கூடாது. எடுத்த இடத்துல நம்பர் எழுதின ஒரு ரிப்பன கட்டிடுங்க, அதே நம்பர் கவர் மேலயும். திருப்பி விடும்போது அதே செடிக்கு, அதே கல்லுக்குத்தான் விடணும், குட்டை பக்கத்துல எங்கயாவது விட்டா போதும்னு நினைக்காதீங்க, பத்தடி தள்ளி இருக்குறது அதுக்கு வேற உலகம். ஆண் பெண் முதுகுல ஏறி பிடிச்சுட்டு இருந்தா அந்த ஜோடிய தொடவே வேண்டாம், எழுதிட்டு நகருங்க.

ஒரு தவளைய கையில வாங்கி அளக்குறத மட்டும் கொஞ்சம் கிட்ட போய் சொல்றேன், ஏன்னா உங்க கைல முதல் தடவை வரும்போது என்ன நடக்குதுன்னே தெரியாம போயிடும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல பின்னங்கால் ரெண்டும் இருக்குற மாதிரி, இடுப்புப் பக்கம் லேசா பிடிக்கணும், வயித்த அமுக்கக்கூடாது. பிடிச்ச உடனே அது அநேகமா ஒண்ணுக்கு போயிடும், உங்க மணிக்கட்டு வழியா வழியும், பயப்படாதீங்க, ஆனா எழுதி வைங்க. தவளை தன்னோட மூத்திரப்பையில தண்ணிய சேமிச்சு வச்சிருக்கும், வறட்சியில அதைத்தான் திரும்ப எடுத்துக்கும், அதை கொட்டிட்டா எடையும் குறையும். எடை போட்டதுக்கு அப்புறம் கொட்டிச்சா, முன்னாடியே கொட்டிச்சான்னு தெரியலன்னா அந்த எடைக்கு அர்த்தம் கிடையாது. அதனால கவரோட சேர்த்து ஸ்பிரிங் தராசுல தொங்க விட்டு முதல்ல எடை, அப்புறம் வெளிய எடுத்து அளவு, கடைசில காலி கவர் எடை. நீளம் மூக்கு நுனியில இருந்து கழிவுத்துளை வரைக்கும், அதைத்தான் எஸ்விஎல்னு சொல்றோம். தவளை முதுக வளைச்சுக்கிட்டா ரெண்டு மில்லிமீட்டர் குறையும், நீங்க தட்டையா அழுத்தினா ரெண்டு மில்லிமீட்டர் கூடும். அது தானா தளர்ற வரைக்கும் சில வினாடி காத்திருந்து அளங்க. சனிக்கிழமை மதியம் சும்மா இருக்கும்போது லேப்ல இருக்குற நாலு பேரும் ஒரே ரப்பர் தவளைய மத்தவங்க எண்ண பார்க்காம அளந்து பாருங்க, நாலு நம்பர் வரும், யாரு எப்பவும் கூட அளக்குறா, யாரு குறைச்சு அளக்குறான்னு அப்பவே தெரிஞ்சுடும். யார் அளந்தாங்கன்னு எழுத ஷீட்ல ஒரு கட்டம் கண்டிப்பா இருக்கணும்.

ஆணா பெண்ணான்னு பார்க்க தொண்டைய பாருங்க, குரல்பை இருக்குற இனத்துல ஆணோட தொண்டைத் தோல் சுருங்கி தொளதொளன்னு, பல இனத்துல கருத்து இருக்கும். இனப்பெருக்க சீசன்ல ஆணோட கட்டைவிரல் உள்பக்கம் சொரசொரன்னு ஒரு திட்டு வரும், விரலால தடவினாலே தெரியும், பெண்ணை பிடிச்சுக்க வழுக்காம இருக்குறதுக்கு.

ஸ்வாப் எடுக்கச் சொன்னா, அது காது குடைய வைக்கிற பஞ்சுக்குச்சி மாதிரிதான் இருக்கும், ஆனா ஸ்டெரைல். வயித்துல, தொடை உள்பக்கம் ரெண்டுலயும், பின்னங்கால் விரலிடைச் சவ்வுல, ஒவ்வொரு இடத்துலயும் அஞ்சு தடவை, குச்சிய சுத்திக்கிட்டே தேய்க்கணும். எல்லா தவளைக்கும் எண்ணிக்கை ஒண்ணா இருக்கணும், ஏன்னா பிசிஆர்ல பூஞ்சை எவ்வளவு இருக்குன்னு வர்ற நம்பர், நீங்க எத்தனை தடவை தேய்ச்சீங்கன்றதையும் பொறுத்தது. குச்சி நுனி வேற எதுலயும் படக்கூடாது. லேப்ல பைப்பெட் பிடிச்சுப் பழகின கை உங்களோடது, கன்டாமினேஷன்னா என்னன்னு உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மத்தவங்க தவளைய பின்தொடர்ந்து ஓடும்போது இந்த வேலைய நீங்க எடுத்துக்கிட்டா எல்லாருக்கும் பெரிய உதவி.

மொத்தத்துல ஒரு தவளை உங்க கைல இருக்குற நேரம் சில நிமிஷத்த தாண்டக்கூடாது. அது தோல் காய ஆரம்பிச்சா, இல்ல கை காலெல்லாம் துவண்டு போனா, எந்த அளவு பாக்கி இருந்தாலும் சரி, விட்டுடுங்க. டேட்டா ஷீட்ல ஒரு கட்டம் காலியா இருக்கலாம்.

பகல்ல தூங்கிட்டு மிச்ச நேரம் தலைப்பிரட்டை பார்க்கலாம், இதை நிறைய பேர் லேசா எடுத்துக்கிறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. பெரிய தவளை அன்னைக்கு ராத்திரி வெளிய வரலாம், வராம போகலாம், தலைப்பிரட்டை தண்ணிய விட்டு எங்கயும் போக முடியாது, அது இருந்தா அந்த குட்டையில முட்டை போட்டிருக்குன்றதுக்கு நேரடி சாட்சி. ஒரு வெள்ளை தட்டுல ஒரு இஞ்ச் தண்ணி விட்டு அதுல விட்டுப் பாருங்க. எந்த நிலைல இருக்குன்றதுக்கு 1960-ல காஸ்னர்ன்ற ஆராய்ச்சியாளர் போட்டுக் கொடுத்த அட்டவணைதான் இன்னிக்கும் எல்லாரும் பயன்படுத்துறது, முட்டையில இருந்து குட்டித் தவளை வரைக்கும் 46 நிலை. 26ல பின்னங்கால் ஒரு சின்ன மொட்டா தெரியும், 42ல முன்னங்கால் வெளிய வரும், 46ல வாலே இருக்காது. லென்ஸ் இருந்தா வாய பாருங்க, கருப்பு அலகும், மேலயும் கீழயும் வரிசையா சின்னச் சின்ன பல்லும் இருக்கும், எத்தனை வரிசைன்றத வச்சே பல இனங்கள பிரிக்கலாம். உடம்புல கெரட்டின் இருக்குறது அந்த வாய்ப்பகுதிலதான், அதனால கைட்ரிட்டும் அங்கதான் உக்காரும், கருப்பா இருக்க வேண்டிய இடம் வெளிறிப்போய் இருந்தா எழுதி வச்சுக்கோங்க, வேற காரணத்தாலயும் அப்படி ஆகும்னாலும் திரும்ப வந்து பார்க்கணும்னு ஒரு குறிப்பு அது. லேடெக்ஸ் கிளவுஸோட தலைப்பிரட்டைய தொடாதீங்க, அதுல இருந்து கசியுறது அதுங்கள கொல்லும்னு பரிசோதனைல பார்த்திருக்காங்க.

இவ்வளவு எழுதச் சொல்றது எதுக்குன்னு ஞாயித்துக்கிழமை காலையில உடம்பு வலிக்கும்போது உங்களுக்கு தோணும். கோஸ்டா ரிகாவுல மான்டெவெர்டே மலையில தங்க நிறத் தேரைன்னு ஒண்ணு இருந்துச்சு. மார்த்தா கிரம்ப்ன்ற ஆராய்ச்சியாளர் 1987-ல அங்க இனப்பெருக்கத்துக்கு வந்ததுல 1500க்கு மேல எண்ணினாங்க. 1988-ல தேடினதுல மொத்தம் 10. 1989-ல ஒண்ணே ஒண்ணு, ஆண். அதுக்கப்புறம் யாரும் பார்க்கல. அந்த மூணு நம்பரையும் ஆராய்ச்சியாளர்கள் அந்தந்த வருஷமே போய் நின்னு எண்ணி எழுதி வச்சதாலதான் அந்த வீழ்ச்சி எவ்வளவு வேகமா நடந்துச்சுன்னு உலகத்துக்கே தெரிஞ்சது. பல இனத்துக்கு அப்படி எண்ணி வைக்க ஆள் இல்ல, இருந்துச்சு, இப்போ காணோம், அவ்வளவுதான் சொல்ல முடியுது. 2023-ல 8,011 இருவாழ்வி இனங்கள மதிப்பிட்டு அதுல 40.7 சதவீதம் அழிவு அபாயத்துல இருக்குன்னு சொன்னாங்க, பறவை, பாலூட்டி, ஊர்வன எல்லாத்தவிடவும் மோசம். அந்த மதிப்பீட்டுக்கு அடியில இருக்குறது இந்த மாதிரி நனைஞ்ச டேட்டா ஷீட்தான்.

லேப்ல கூட வர்றவங்களப் பத்தி ஒரு வார்த்தை. ராத்திரி ஒரு மணிக்கு மேல எல்லாருக்கும் எரிச்சல் வரும், யாராவது ஒருத்தர் இன்னும் ஒரு குட்டை பார்த்துட்டு போலாம்னு சொல்லுவாங்க, ஒருத்தர் வண்டிக்கு போகணும்பாங்க. கிளம்பும்போதே எத்தனை மணிக்கு நிறுத்தணும், எத்தனை இடம்னு முடிவு பண்ணிட்டு அதை அப்புறம் மாத்தாம இருந்தா இந்த சண்டை வராது, டேட்டாவுக்கும் அதுதான் நல்லது, நிறைய தவளை கிடைக்கிற ராத்திரி கூட நேரம் தேடினா கணக்கு சாயும். தனியா யாரும் தண்ணிக்கு போகக்கூடாது. வண்டி ஓட்டுறவர் யாரோ அவர் மத்தவங்களுக்கு முன்னாடியே வேலைய நிறுத்திட்டு ஓய்வெடுக்கணும், இதை சொல்ல ஜூனியருக்கு தயக்கமா இருக்கும், ஆனா சொல்லுங்க, ராத்திரி தவளைய தேடுறதவிட தூக்கக் கலக்கத்துல வண்டி ஓட்டி திரும்புறதுதான் இந்த ட்ரிப்லயே ஆபத்தான பகுதி. உங்களுக்கு எது முடியலையோ, வழுக்குற பாறையோ, ஆழமான தண்ணியோ, அதை முன்னாடியே சீனியர்கிட்ட சொல்லிடுங்க, நல்ல டீம்ல அதுக்கு ஏத்த மாதிரி வேலைய மாத்திக் கொடுப்பாங்க.

போட்டோ நிறைய எடுங்க, முதுகு, வயிறு, பக்கவாட்டு, விரல் நுனி. வயித்துல இருக்குற புள்ளி கோலத்த வச்சே ஒரே தவளைய அடுத்த வருஷம் அடையாளம் கண்டுபிடிக்க முடியுற இனங்கள் இருக்கு, அப்படி முடிஞ்சா விரல் நுனிய வெட்டி அடையாளம் வைக்க வேண்டிய அவசியமே இல்ல. அரிய இனம் கிடைச்சா அந்த போட்டோவ லொகேஷனோட சேர்த்து வெளிய போடாதீங்க, வளர்க்கவும் விக்கவும் பிடிக்கிறவங்க அதைத்தான் தேடிட்டு இருப்பாங்க.

ஞாயித்துக்கிழமை திரும்பினதும் தூங்கப் போறதுக்கு முன்னாடி ஷீட் எல்லாத்தையும் பக்கம் பக்கமா போட்டோ எடுத்து லேப் ஃபோல்டர்ல போட்டுடுங்க, ஸ்வாப் டியூப்கள ஃப்ரீசர்ல வச்சுட்டு டியூப் நம்பரும் ஷீட் நம்பரும் ஒண்ணா இருக்கான்னு ரெண்டு பேரா உக்கார்ந்து சரிபாருங்க. திங்கக்கிழமை பார்த்துக்கலாம்னு விட்டா '17ஆ, 11ஆ'ன்னு கேட்கும்போது ஞாபகம் இருக்குறவங்க யாரும் இருக்க மாட்டாங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது தவளை கிடைக்காத குட்டைக்கும் ஒரு வரி போடுங்க, தேதி, ஆரம்பிச்ச நேரம், முடிச்ச நேரம், வெப்பநிலை, ரெண்டு பேர் பேர், எண்ணிக்கைல 0. பூட்ஸ மறக்காம வெயில்ல வைங்க.